கோச் சொன்னதும் நான் சொன்னதும்

ஜனவரி 6, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. பக்கெட்டின் அடியில் கிடந்ததில் குளித்துவிட்டு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பெரம்பூர் போனேன். பட்டுச் சேலை என் முட்டாள்தனம். மைதானம் என்றதும் புல் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். செம்மண்ணும் சோடா மூடிகளும், ஒரு மூலையில் நாய்கள் வைத்துவிட்டுப் போன அசிங்கமும்தான் இருந்தன.

இத்தனை வருடம் ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்தவளுக்கு இந்த வேலை வந்து வாய்த்திருக்கிறது. இந்தப் பருவத்தில் வகுப்பில் ஆள் சேரவில்லை. அந்த நேரம் பார்த்து மாசிலாமணி கேட்டார், நானும் தலையாட்டிவிட்டேன். மாசிலாமணி மனை விற்கிறவர். வடகரை கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளரும் அவரே. ஜெர்மனியிலிருந்து ஒரு முன்னாள் ஆட்டக்காரரைக் கோச்சாக வரவழைத்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் டாக்சிக்காரரிடம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். லீக் ஆட்டங்கள் முடியும்வரை நான் கூடவே நின்று மொழிபெயர்க்க வேண்டும்.

கோச்சின் பெயர் ஹார்ட்முட் ப்ரெக்கெல். அறுபதை நெருங்குகிற வயது, கழுத்தே இல்லாத உடம்பு. இடது காலை இழுத்து நடக்கிறார். பேசினால் எச்சில் தெறிக்கிறது. பக்கத்தில் நிற்பதால் முதல் பங்கு எனக்குத்தான். மாசிலாமணி போர்த்திய பொன்னாடையை எடுத்துக் கழுத்து வியர்வையைத் துடைத்தார், அதிலேயே மூக்கையும் சிந்தினார். பையன்கள் கைதட்டினார்கள்.

மாசிலாமணி மைக்கில், "உலகப் புகழ் பெற்ற" என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. கோச் என் காதருகே குனிந்து, "இந்தத் தொப்பை இன்னும் எவ்வளவு நேரம் உளறும்?" என்றார்.

"கோச் ரொம்ப நெகிழ்ந்துபோயிருக்கார்" என்று நான் மொழிபெயர்த்தேன். மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜனவரி 8, புதன்

முதல் பயிற்சி. காலை வெயில் ஏறுவதற்குள் கோச் பேசிய பேச்சைக் கேட்டு எனக்குக் காது கூசியது. பன்றி, சாணி, அவரவர் அம்மா, அம்மாவின் தொழில், அவர்கள் பிறந்த வழி. இதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. என் நாட்குறிப்பு சாக்கடை இல்லை.

ஓட மாட்டேன் என்று நின்ற ஒருவனை அவர் மூச்சுவிடாமல் திட்டினார். பையன்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் வேகமா ஓடினா நல்லா இருக்கும்னு சொல்றார்" என்றேன்.

டில்லிபாபு என்று ஒருவன், முன்னணியில் ஆடுகிறவன், முடியைக் காப்பிப்பொடி நிறத்துக்கு மாற்றியிருக்கிறான். அவன் கேட்டான்: "மேடம், இத்த சொல்றதுக்கா இவ்ளோ கத்துனாரு பெர்சு?"

"ஜெர்மன் பாஷையே அப்படித்தான்ப்பா. கரடுமுரடா இருக்கும். அவங்க தாலாட்டு பாடினாக்கூட சண்டை போடற மாதிரி கேக்கும்."

எல்லாரும் நம்பிவிட்டார்கள். பொய்தான், ஆனால் யாருக்கும் நஷ்டமில்லாத பொய். டீயை வடிகட்டித்தான் கொடுக்கிறோம், சக்கையையும் சேர்த்துத் தம்ளரில் ஊற்றுவதில்லை. மொழிபெயர்ப்பும் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். பேசியது அவர்தான் என்றாலும் எனக்குத்தான் குமட்டியது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. கோச்சுக்கு ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் அனுப்பினேன். முந்திரியைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், தூக்கைக் கழுவாமல்.

ஜனவரி 19, ஞாயிறு

முதல் ஆட்டம், முதல் தோல்வி. உடை மாற்றும் அறைக்குள் நானும் போக வேண்டியிருந்தது. தைலமும் வியர்வையும் ஈரக் காலுறையும் கலந்த அந்த நாற்றம் இன்னும் என் தலைமுடியில் இருக்கிறது. கோச் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்தார். அது உடைந்தது. பிறகு பேசினார். இதைவிடக் கேவலமாக மனித வாய் பேச முடியாது.

"இன்னிக்கு நல்லா முயற்சி பண்ணீங்க. அடுத்த தடவை இன்னும் கவனமா ஆடுங்கன்னு சொல்றார். நாற்காலி கால் தடுக்கிடுச்சு."

பையன்கள் சிரித்தபடி, "தேங்க்ஸ் கோச்" என்றார்கள். ஒருவன் வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

காரில் கோச் என்னிடம், "நான் அவர்கள் தோலை உரித்துத் தொங்கவிட்டேன். ஏன் சிரிக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் ஊரில் பெரியவர்கள் திட்டினால் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்வோம்" என்றேன்.

"நல்ல ஊர்" என்றார். பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் காறித் துப்பினார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் சபேசன் விழுந்து விழுந்து சிரித்தார். "வசு, உனக்குச் சம்பளம் மொழிபெயர்க்கவா, மொழுகவா?" இவருக்கு எல்லாமே வேடிக்கை.

ஜனவரி 23, வியாழன்

வகுப்பு இல்லாததால் கோச்சின் பழைய கதையை ஜெர்மன் பத்திரிகைகளில் தேடிப் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பையனாக இருக்கும்போதே எதிராளியின் காலைப் பார்த்து உதைப்பதில் பேர் வாங்கியிருக்கிறார். பெரிய லீகில் நடுக்களத்தில் ஆடிய காலத்தில் பத்திரிகைகள் அவரைக் 'கசாப்புக்காரன்' என்றே எழுதியிருக்கின்றன. ஒரு கோப்பை அரையிறுதியில் வெற்றிக் கோலை அடித்ததும் ஊரே அவரைத் தோளில் தூக்கிச் சுமந்திருக்கிறது. அதற்கப்புறம் அவர் ஆடவே இல்லை. ஏன் என்று யாரும் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் எனக்கு அதில் அக்கறை இல்லை.

அப்புறம் கோச்சாகியிருக்கிறார். சின்ன கிளப் ஒன்றை மேலே மேலே கொண்டுபோயிருக்கிறார். ஒரு முக்கியமான ஆட்டத்துக்கு முன்னால் தன் அணியின் நட்சத்திர ஆட்டக்காரனுடைய ஷூக்களைத் திருடி ஆற்றில் எறிந்திருக்கிறார்! அந்தப் பையன் அழுதுகொண்டே புகார் கொடுத்திருக்கிறான். வேலை போய்விட்டது. அடுத்த கிளப்பில் ஒருவனைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார், அங்கேயும் வேலை போனது. 'சர்வாதிகாரி', 'பைத்தியம்' என்று எழுதாத பத்திரிகை இல்லை. சொந்த நாட்டில் யாரும் சேர்க்காமல், ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் மாசிலாமணியிடம் வந்து விழுந்திருக்கிறார். விலை மலிவு என்று மாசிலாமணி பிடித்துப்போட்டிருப்பார்.

இப்படிப்பட்டவர் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறேன். படிக்கவைத்த அப்பா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஜனவரி 24, வெள்ளி

காரில் கால் நகம் வெட்டினார். ஒன்று என் மடியில் விழுந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெயித்தோம். தொடர்ந்து இரண்டாவது வெற்றி. இரண்டு கோலும் டில்லிபாபு அடித்தது. ஆட்டம் தெரியாத எனக்கே அவன் ஓடும்போது எழுந்து நிற்கத் தோன்றுகிறது. கோச் மைதானத்துக்குள் ஓடி, அவன் தலையைப் பிடித்துத் தன் வியர்வை நெஞ்சில் அழுத்திக்கொண்டு கெட்ட வார்த்தையாகவே கொட்டினார். பாராட்டும் அதே வார்த்தைகள்தான், திட்டும் அதே வார்த்தைகள்தான். இது என்ன பிறவியோ.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்றார்" என்றேன்.

டில்லி என்னிடம் வந்து, "மேடம், மார்ச்ல ரயில்வே செலக்டருங்க வராங்களாமே. ஸ்போர்ட்ஸ் கோட்டால எடுக்குறாங்களாம். கோச்ச கொஞ்சம் நம்மளப் பத்தி நல்லபடியா சொல்லச் சொல்லுங்களேன்" என்றான். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அக்கா ஜெகதாதான் வளர்த்திருக்கிறாள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. "வேலை கெட்ச்சிட்டா அக்காவ மிஷின் கிட்டருந்து எழுப்பி வுட்ருவேன் மேடம். இடுப்பு போச்சு அதுக்கு."

கோச்சிடம் சொன்னேன். "இவனுக்கு எந்த நாய் சிபாரிசும் தேவையில்லை" என்றார்.

"கண்டிப்பா சொல்றேன்னு சொன்னார்ப்பா" என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

பயிற்சி ஆட்டத்தில் ஒருவன் இடித்து டில்லி விழுந்தான். முட்டி பலாக்கொட்டை வைத்துத் தைத்த மாதிரி புடைத்துவிட்டது. கோச் மண்ணில் மண்டியிட்டு அந்த வியர்வைக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அமுக்கி, ஆட்டி, வளைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அசிங்கங்களை நீக்கிவிட்டால் சாரம் இதுதான்: உள்ளே நார் கிழிந்திருக்கிறது, இந்தப் பருவம் முழுக்க ஆடக் கூடாது, ஆடினால் முட்டி மொத்தமாகப் போய்விடும். இதற்குள் எத்தனை பன்றிகள், எத்தனை மிரட்டல்கள்! வலியில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? அவன் கண்ணில் வேறு தண்ணீர் நின்றது.

நாசூக்காகச் சொன்னேன். "கோச்சுக்கு உன் மேல ரொம்ப அக்கறை டில்லி. உடம்புதான் முக்கியம், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோன்னு சொல்றார்."

"கொஞ்ச நாள்னா எவ்ளோ மேடம்?"

கோச்சைக் கேட்டால் இன்னொரு சாக்கடை திறக்கும். "வலி குறையற வரைக்கும்ப்பா" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல வார்த்தைக்கு உள்ள மருத்துவம் எதற்கும் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ண வேண்டும்.

கோச் டில்லியின் ஷூக்களை எடுத்துத் தன் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டாராம். திருட்டுப் புத்தி போகுமா? டில்லி போனில் சிரித்தான். "இன்னாத்துக்கு மேடம் எட்துக்கினு போனாரு? தொவைச்சி குடுப்பாரா?"

"பத்திரமா வெச்சிருக்கார்ப்பா. நீ நல்லானதும் தருவார்."

பிப்ரவரி 20, வியாழன்

கார் பெரம்பூர் பாலத்தில் சிக்கிக்கொண்டது. புகை, ஹாரன். கோச் திடீரென்று பேண்டை முட்டிக்கு மேல் சுருட்டி, "பார்" என்றார். பார்க்க மாட்டேன் என்று சொல்வதற்குள் பார்த்துவிட்டேன். ஊதா நிறம். குறுக்கும் நெடுக்கும் தையல். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோப்பை அரையிறுதிக்கு முன்பே அவருக்கு முட்டி போயிருந்ததாம். கிளப் டாக்டர் தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தவே மாட்டாராம். 'திரு. ப்ரெக்கெல், ஓய்வெடுப்பது நல்லதாக இருக்கலாம். ஆனால் முடிவு முழுக்க உங்களுடையது' என்றாராம். அப்போது அவருக்கு இருந்த கோச்சும் அதே மாதிரி மரியாதையாக, 'உங்கள் விருப்பத்தை நாங்கள் மதிக்கிறோம்' என்றாராம். ஊசி போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். கோல் அடித்திருக்கிறார். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை.

"எனக்கு அப்போது எவ்வளவு வயது தெரியுமா? அந்த வயதுப் பையனுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா? ஆட வேண்டும், அவ்வளவுதான். யாராவது ஒருவன் என் செவிளில் அறைந்து, இறங்கினால் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தால் நான் இன்னும் ஓடிக்கொண்டிருப்பேன். ஒருத்தனுக்கும் அந்தத் தைரியம் இல்லை. எல்லாரும் கனவான்கள்" என்றார். கண் சிவந்திருந்தது. மூக்கைச் சிந்திச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

ஒரு டாக்டர் மரியாதையாகப் பேசியதைக் குற்றம் என்று சொல்லும் மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். பாவம், வலி மூளைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

டில்லி மைதானத்துக்கு வந்திருந்தான். நொண்டவில்லை. மாத்திரை போட்டுக்கொள்கிறானாம். "வலியே இல்ல மேடம். நீங்க சொன்ன மாரியே ரெஸ்ட் எட்தேன்" என்று குதித்துக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ரயில்வே செலக்டர்கள் வருகிறார்கள்.

கோச் அவனைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை எறிந்தார். குறி தப்பியது. "இவன் எதற்கு வந்தான்? ஓடச் சொல்! ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்!"

மாசிலாமணி பக்கத்திலேயே நின்றார். அவர் எதிரில் எப்படிச் சொல்வது? "இன்னிக்கு கோச்சுக்கு மூட் சரியில்ல. நீ வீட்டுக்குப் போப்பா" என்றேன்.

மாசிலாமணி டில்லியின் தோளில் கை போட்டு அழைத்துப்போனார். அவருடைய வெள்ளைச் சட்டையில் சந்தன வாசனை. பிள்ளையிடம் எவ்வளவு கனிவாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கோச் போன் எடுக்கவில்லை. அவர் ஃபிளாட்டுக்குப் போனேன். நேற்று ரோட்டோரக் கடையில் பரோட்டாவும் சால்னாவும் மூக்கு முட்டத் தின்றிருக்கிறார். பூட்டாமல் கிடந்த கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. கூடம் முழுக்க வாந்தி. மனிதர் குளியலறைத் தரையில் ஜட்டியோடு கிடந்தார். உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுத்தேன். அதையும் என் செருப்பில் வாந்தி எடுத்தார்.

அப்போது மாசிலாமணியின் போன். "மேடம், செலக்டருங்க வந்துட்டாங்க. டில்லி பையன் நல்லாத்தான் இருக்கான். புது ஷூகூட வாங்கிக் குடுத்துட்டேன். நம்ம பிசியோ ஒரு ஊசி போட்டா வலியே தெரியாதுங்கறார். கோச்சை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, எறக்கலாமா?"

கேட்டேன். கோச் தரையிலிருந்து எழப் பார்த்து வழுக்கி விழுந்தார். "கூடாது! கூடாது! அவனை இறக்கினால் அந்தத் தொப்பையின் குடலை உருவிக் கோல் கம்பத்தில் வலையாகக் கட்டுவேன் என்று சொல்! அப்படியே சொல்!" மறுபடியும் வாந்தி.

இதை அப்படியே எப்படிச் சொல்வது? மாசிலாமணி என்னை வேலைக்கு வைத்தவர். வயதில் மூத்தவர். "கோச்சுக்கு அதுல அவ்வளவா இஷ்டம் இல்ல சார். நீங்களும் கொஞ்சம் யோசிச்சுச் செய்யுங்கன்னு சொல்றார்" என்றேன்.

"புரியுதும்மா. யோசிச்சுத்தான் செய்யறோம். கோச்ச உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க."

"என்ன சொன்னான்?" என்று கோச் கேட்டார். புரிந்துகொண்டார் என்றேன். புரிந்துகொண்டார் என்றுதான் நானும் நினைத்தேன். நம்மூரில் முடியாது என்பதை இதைவிட அழுத்தமாக யார் சொல்கிறார்கள்? கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "பார்க்கிறோம்" என்போம், வர மாட்டோம் என்று அர்த்தம். பெண் பார்த்துவிட்டு "வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம்" என்றால் முடிந்தது கதை. மாசிலாமணி இந்த ஊர்க்காரர்தானே? அவருக்குத் தெரியாதா?

கூடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். வேறு யார் கழுவுவார்கள்?

இரண்டாம் பாதியில் டில்லி கோல் அடித்தானாம். பந்தை மார்பில் வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் அடித்தானாம். செலக்டர்களே எழுந்து கைதட்டினார்களாம். அடித்த காலைத் தரையில் ஊன்றியபோது முட்டி எதிர்ப்பக்கமாக மடிந்துவிட்டது. சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

மார்ச் 3, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது.

மார்ச் 5, புதன்

ஆஸ்பத்திரி. முட்டிக்குள் ஒன்றுமே ஒழுங்காக இல்லையாம். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், ஆடுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். ரயில்வேக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

ஜெகதா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி யூனிஃபார்மோடு வந்திருந்தாள், தோளில் நூல் பிசிறு. என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். "கோச் ரெஸ்ட்டு எட்துக்கச் சொன்னாராம் மேடம். இதுதான் அவசரப்பட்டு எறங்கிடுச்சு. அவுர இன்னா சொல்றது, தங்கமான மனுஷன்" என்றாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. டெட்டால் வாடை ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே மாசிலாமணி கால்பந்துச் சங்கத்துக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "கோச்சைக் கேட்டுத்தான் எறக்கினோம். இதோ மேடம் மூலமாத்தான் கேட்டோம். கூடாதுன்னு சொல்லவே இல்லையே? சொன்னாராம்மா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அவருக்கு அதுல அவ்வளவா இஷ்டம் இல்லன்னு..." என்றேன்.

"அதேதான். அவ்வளவா இஷ்டம் இல்ல. கூடாதுன்னு சொல்லல." அதே கனிவான குரல், அதே சந்தன வாசனை. எனக்குப் புழுத்த அரிசியில் கை விட்ட மாதிரி உடம்பெல்லாம் ஊர்ந்தது.

மார்ச் 7, வெள்ளி

கோச்சை நீக்கிவிட்டார்கள். காயம்பட்ட ஆட்டக்காரனை ஆடவைத்ததாகக் காரணம். தமிழ்ப் பேப்பர் ஒன்றில் 'அலட்சிய ஜெர்மன் கோச்' என்று போட்டிருக்கிறார்கள்.

நான்தான் அவருக்கு அதை ஜெர்மனில் படித்துச் சொன்னேன். அவர் முதல்தடவையாகக் கத்தவில்லை. "ஞாயிற்றுக்கிழமை நீ அவனிடம் என்ன சொன்னாய்?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்கள் சொன்னதைத்தான்."

சொன்னேன்தானே. சாரம் அதுதான். மாசிலாமணி வேண்டுமென்றே திரித்துக்கொண்டால் அதற்கு நானா பொறுப்பு? வீட்டில் இவரிடம் கேட்டேன். இவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மார்ச் 10, திங்கள்

டில்லி வீட்டுக்குப் போய்விட்டான். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நாளை விமானம் ஏறுவதற்கு முன் அவனைப் பார்க்க வேண்டும் என்றார் கோச். டாக்சியில் போனோம். ஹவுசிங் போர்டு கட்டிடம், லிப்ட் இல்லை. கோச் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். படி முழுக்க மீன் கழுவிய தண்ணீர்.

டில்லி கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான். கோச் தரையில் உட்கார்ந்தார். உட்காருவதற்கே அவருக்கு ரொம்ப நேரமானது. பிறகு பேசினார். நீ மாட்டு மூளைக்காரன், நானும் அதேதான், ஒரே ஒரு ஆட்டத்துக்குக் காலை விற்ற இரண்டு சாக்கடைப் பன்றிகள் நாம், ஆனால் அந்தக் கோலை மொபைலில் பார்த்தேன், என் ஜென்மத்தில் என்னால் அடித்திருக்க முடியாது என்றார். பேசப் பேசக் குரல் உடைந்தது.

"கோச் ரொம்ப வருத்தப்படறார். சீக்கிரம் குணமாகணும்னு சொல்றார்" என்றேன்.

டில்லி என்னையே பார்த்தான். "மேடம், அவுரு அழுவுறாரு. அவ்ளோ நேரம் பேசுனாரு. நீங்க ரெண்டு வார்த்தைல முட்ச்சிட்டீங்க. எப்பவுமே இப்டித்தான் பண்றீங்க. அன்னிக்கு கிரவுண்டுல என் முட்டிய அமுக்கிப் பாத்துட்டு இன்னா சொன்னாரு? அத்த அப்டியே சொல்லுங்க."

ஜெகதா டீத் தம்ளர்களோடு வாசலில் நின்றாள். பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்: "நாயே, உன் முட்டி கிழிந்துபோச்சு. இந்த வருஷம் உனக்கு ஆட்டம் முடிந்தது. மறுபடி நீ மைதானத்தில் கால் வைத்தால், தேவடியா மகனே, உன் இன்னொரு காலையும் நானே உடைத்து உன்னைக் கட்டிலில் கட்டிப்போடுவேன். ஊர் முழுக்க உன்னை ஆடச் சொல்லும். நம்பாதே. என்னைத் தவிர ஒரு பன்றியையும் நம்பாதே."

என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. ஜெகதா அந்த வார்த்தையைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷூவ அதுக்குத்தான் எட்துக்கினு போனாரா?"

"ஆமாம்."

"நீங்க வலி கொறையற வரைக்கும்னு சொன்னீங்களே?"

நான் தரையிலிருந்த டீத் தம்ளர்களைச் சுவரோரம் நகர்த்தினேன்.

"நான் மாத்திர போட்டு வலியக் கொறச்சிக்கினேன் மேடம்" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். "எங்கப்பன் இருந்தப்போ இப்டித்தான் கத்தும். கால ஒடிப்பேன்னு சொன்னா அன்னிக்கு வாசப்படி தாண்ட மாட்டேன். இத்த நீங்க அன்னிக்கே சொல்லிருந்தா நான் எறங்கிருக்கவே மாட்டேன்."

கோச் என் கையைத் தட்டி, "என்ன சொல்கிறான்?" என்றார்.

சொன்னேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. நாற்காலி தடுக்கியது, தாலாட்டு, வலி குறையும்வரை, அவ்வளவாக இஷ்டம் இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். பேசி முடித்தபோது டீயில் ஆடை படர்ந்திருந்தது. கோச் ஒரு தம்ளரை எடுத்து முழுவதும் குடித்தார். டில்லியின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். ஜெகதாவைப் பார்த்துக் கைகூப்பினார். எழுந்திருக்க நான் கை நீட்டினேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தானே எழுந்துகொண்டார்.

படி இறங்கினோம். கீழே போனதும் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அந்த வார்த்தைகள் எல்லாமே எனக்குத் தெரியும். எதை முதலில் சொல்வார் என்றுகூட மனதில் ஓடியது. சொல்லட்டும், தெருவில் நாலு பேர் பார்க்கச் சொல்லட்டும் என்று இருந்தது.

டாக்சியின் கதவை எனக்காகத் திறந்து பிடித்தார். நான் உட்காரும்வரை காத்திருந்தார். "உங்கள் உதவிக்கு மிகவும் நன்றி, திருமதி வசுமதி. உங்களோடு வேலை செய்யக் கிடைத்தது எனக்குப் பெருமை. நாளை நீங்கள் சிரமப்பட வேண்டாம், விமான நிலையத்துக்கு நானே போய்க்கொள்கிறேன்" என்றார்.

ஒரே ஒரு வசவுக்காக நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் லேசாகத் தலை வணங்கி, என் புடவைத் தலைப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.